குளிரை நினைவில் வைத்து விதையில் மறக்கும் செடி

வட ஐரோப்பாவில் செப்டம்பர் இறுதியிலும் மார்ச் இறுதியிலும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். வெயிலும்கூட இரண்டு பருவங்களிலும் சில நாள்களில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் செப்டம்பரில் முளைத்த ஒரு சிறு செடி அப்போதே பூத்துவிட்டால், காய் முற்றுவதற்குள் உறைபனி வந்து அந்தத் தலைமுறையே வீணாகிவிடும். வசந்தத்தில் பூக்கத் தவறினாலோ, கோடையின் வறட்சிக்கு முன் விதையை உதிர்க்க நேரம் போதாது. இன்று எவ்வளவு குளிர், இன்று பகல் எவ்வளவு நீளம் என்ற இரண்டு தகவல்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் செடி முடிவெடுக்க முடியாது. ஒரு முழுக் குளிர்காலம் வந்து போய்விட்டதா என்ற கேள்விக்கும் அதனிடம் பதில் இருக்க வேண்டும். அதற்குக் கடந்துபோன பல வாரங்களின் குளிரை அது எங்கேயாவது பதிந்து வைத்திருக்க வேண்டும். மூளையோ நரம்போ இல்லாத ஓர் உயிர் அந்தப் பதிவை எங்கே, எந்த வடிவில் வைத்திருக்கிறது என்பது, தாவர உயிரியல் மிக நுட்பமாக விடை கண்டிருக்கும் கேள்விகளில் ஒன்று.

பள்ளித் தாவரவியல் புத்தகங்கள் ‘தட்பப்பதனம்’ என்று சொல்லிக்கொடுக்கும் நிகழ்வு இதுதான். குளிர்காலக் கோதுமை, ரை, முட்டைக்கோசு, கேரட் போன்ற பல பயிர்கள் சில வாரங்கள் குளிரில் கிடந்த பிறகே பூக்கும் தகுதியைப் பெறுகின்றன. ஜெர்மானியத் தாவரவியலாளர் குஸ்தாவ் காஸ்னர் 1918-இல் தானியப் பயிர்களின் இந்தத் தேவையை முறையாக ஆராய்ந்து எழுதினார். குளிர் தன்னளவில் பூவை வரவழைப்பதில்லை, பூப்பதற்கு இருக்கும் தடையை விலக்குகிறது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. குளிர் முடிந்து, வெப்பம் திரும்பி, பகலும் நீண்ட பிறகே பூ வருகிறது. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே பல வாரங்கள், சில செடிகளில் பல மாதங்கள் கடந்துவிடுகின்றன.

அந்த இடைவெளி எவ்வளவு நீளலாம் என்பதைக் காட்டிய செடி, நம் நாட்டு மருந்துக் கடைகளில் குரோசாணி ஓமம் என்ற பெயரில் விதையாகக் கிடைப்பதுதான். அதன் ஈராண்டு வகையை வைத்து ஜெர்மனியில் கியோர்க் மெல்கர்ஸும் அன்டன் லாங்கும் செய்த சோதனைகளில், குளிருக்கு உள்ளான செடிகள் குறும்பகலில் வளர்க்கப்பட்டன. அந்தச் செடிக்குப் பூப்பதற்கு நெடும்பகலும் வேண்டும் என்பதால் அவை மாதக்கணக்கில் வெறும் இலைகளையே விட்டுக்கொண்டிருந்தன. பிறகு நெடும்பகலுக்கு மாற்றியதும், மீண்டும் குளிர் எதையும் கேட்காமல் பூத்தன. குளிர் பட்ட செல்கள் இதற்குள் எத்தனையோ முறை பிரிந்து, வளரும் நுனியில் இருந்தவை குளிரையே பார்த்திராத புதிய செல்களாக மாறிவிட்டிருந்தன. ஆகவே நினைவு, செல்லிலிருந்து அதன் வாரிசுச் செல்லுக்குக் கைமாறுகிறது. 1960-களில் நெதர்லாந்தைச் சேர்ந்த வெல்லென்சீக் இதை வேறொரு பக்கத்திலிருந்து நிறுவினார். லூனாரியா என்ற செடியின் இலைத் துண்டுகளைக் குளிரில் வைத்து, அவற்றிலிருந்து புதுச் செடிகளை வளர்த்தபோது, குளிரின்போது செல்கள் பிரிந்துகொண்டிருந்த பகுதியிலிருந்து எழுந்த செடிகளே பூத்தன. குளிரைப் பதிந்துகொள்ள மொட்டோ நுனியோ வேண்டியதில்லை; பிரியும் செல் இருந்தால் போதும்.

டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை மாறாமலேயே, ஒரு மரபணு இயங்குவதா அடங்குவதா என்ற நிலை செல்பிரிவைத் தாண்டித் தொடர்வதை ஆராய்வது எபிஜெனிடிக்ஸ். தமிழில் மேல்மரபியல் என்றும் எழுதுகிறார்கள். தட்பப்பதனத்துக்கு இந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்துவதால், 1990-களில் ஆய்வாளர்கள் அன்று நன்கு அறியப்பட்டிருந்த வழிமுறையான டி.என்.ஏ. மெத்திலேற்றத்தில், அதாவது டி.என்.ஏ.மீது மெத்தில் என்ற சிறு வேதிக் குறி ஏறுவதில், விடையைத் தேடினார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருந்த குழு 1993-இல், டி.என்.ஏ.யின் மெத்தில் குறிகளைக் குறைக்கும் 5-அசாசைட்டிடின் என்ற மருந்தைக் கொடுத்தால் குளிர் தேவைப்படும் அராபிடாப்சிஸ் என்ற களைச்செடிகள் குளிர் இல்லாமலே முன்கூட்டிப் பூப்பதாக அறிவித்தது. திசை சரியாகவே இருந்தது, இடம்தான் வேறு. குறி விழுவது டி.என்.ஏ.மீது அல்ல, டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின்மீது என்று பின்னர் தெரியவந்தது.

அதற்கு முன், குளிர் அடக்கும் மரபணு எது என்பதையே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அராபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு களை. தரையோடு ஒட்டிய இலைவட்டத்திலிருந்து மெல்லிய பூத்தண்டை நீட்டும், உணவுக்கோ அழகுக்கோ உதவாத செடி. ஆனால் தாவரங்களிலேயே முதன்முதலாக 2000-இல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது இதற்குத்தான். 1999-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் அமசீனோவின் குழுவும், கான்பெரா குழுவும் தனித்தனியே எஃப்.எல்.சி. என்ற மரபணுவைப் பிரித்தெடுத்தன. அதன் புரதம் பூப்பதற்கான தடை. இலையில் உருவாகி நுனிக்குச் சென்று பூக்கச் சொல்லும் எஃப்.டி. என்ற புரதத்தின் மரபணுவையும், நுனியில் அதற்குத் துணைபுரியும் மற்றொரு மரபணுவையும் அது அடக்கிவைக்கிறது. ஃப்ரிஜிடா என்ற வேறொரு மரபணு எஃப்.எல்.சி.யை உச்ச அளவில் இயங்க வைக்கிறது. ஆய்வகங்களில் சாதாரணமாகப் புழங்கும் அராபிடாப்சிஸ் வகைகளில் ஃப்ரிஜிடா சிதைந்திருப்பதால்தான் அவை குளிர் கேட்காமல் சில வாரங்களில் பூக்கின்றன. குளிர் கேட்கும் காட்டு வகைகளிலோ, குளிரில் கிடந்த வாரங்கள் கூடக் கூட எஃப்.எல்.சி.யின் அளவு இறங்குகிறது. குளிர் போன பிறகும் ஏறுவதில்லை.

இந்த ‘ஏறுவதில்லை’ என்பதுதான் நினைவு. அது எப்படி உருவாகிறது என்பதை இங்கிலாந்தின் நாரிச் நகரில் உள்ள ஜான் இன்ஸ் மையத்தில் கரோலைன் டீனின் குழுவும் அமசீனோவின் குழுவும் மற்றவர்களும் இருபது ஆண்டுகளாகப் படிப்படியாக வெளிக்கொண்டுவந்தார்கள். குளிர் தொடங்கிய முதல் வாரங்களில் எஃப்.எல்.சி. மரபணுவின் எதிர்த்திசையிலிருந்து கூல்ஏர் எனப்படும் ஆர்.என்.ஏ. மிகுதியாக எழுதப்பட்டு, நேர்த்திசை எழுத்தும் அடங்கத் தொடங்குகிறது. ஆனால் இந்த அடக்கத்துக்கு நினைவு இல்லை. குளிர் நீடித்தால்தான் வின்3 என்ற புரதம் மெதுவாகச் சேர்கிறது. அது பாலிகோம்ப் என்ற நொதித் தொகுதியோடு சேர்ந்து, எஃப்.எல்.சி. மரபணுவின் தொடக்கத்தில், சுமார் மூன்று நியூக்ளியோசோம்கள் (ஹிஸ்டோன்களைச் சுற்றிய டி.என்.ஏ. சுருள்கள்) அளவே உள்ள ஒரு சிறு பகுதியில், எச்3 என்ற ஹிஸ்டோனின் 27-ஆவது இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில் குறிகளை ஏற்றுகிறது. வெப்பம் திரும்பியதும் வின்3 மறைந்துவிடுகிறது. ஏற்கெனவே விழுந்த குறியோ அந்தச் சிறு பகுதியிலிருந்து மரபணு முழுவதற்கும் பரவுகிறது. செல் பிரியும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு மகள் செல்களுக்கும் பங்கிடப்படுகின்றன, பாலிகோம்ப் அவற்றில் உள்ள குறியைப் படித்து அருகில் உள்ள புதிய ஹிஸ்டோன்களுக்கும் அதே குறியைப் போடுகிறது. குறி விழுந்தும் பரவ முடியாத திடீர்மாற்றச் செடிகளில் எஃப்.எல்.சி. முதலில் அடங்கிப் பிறகு செடி வளர வளர மெல்ல விழித்துக்கொள்கிறது என்பது 2017-இல் காட்டப்பட்டது. தற்காலிகக் குறிப்பும் நிரந்தரப் பதிவும் இரண்டு தனிக் கட்டங்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி இந்தக் கதையில் எனக்கு மிகவும் சுவையாகப் படும் பகுதி. இரண்டு வாரக் குளிர் பெற்ற செடி சற்று முன்னதாகப் பூக்கிறது, நான்கு வாரம் பெற்றது இன்னும் முன்னதாக, ஆறு வாரம் பெற்றது மேலும் முன்னதாக. அப்படியானால் குறியின் அளவு ஒவ்வொரு செல்லிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, மரபணுவும் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது என்று நினைப்பதுதான் இயல்பு. ஆனால் அரைகுறையாகக் குறியிடப்பட்ட நிலை பல செல்பிரிவுகளுக்குப் பின்னும் அப்படியே அரைகுறையாக நீடிப்பது கடினம். ஒன்று முழுதாகப் பரவும், அல்லது முழுதாகக் கரையும். கணினிவழி உயிரியலாளர் மார்ட்டின் ஹோவர்டும் டீனும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு, எஃப்.எல்.சி. ஒவ்வொரு செல்லிலும் திறந்திருக்கிறது அல்லது மூடியிருக்கிறது, நடுநிலை கிடையாது என்று காட்டியது. குளிர் நீள நீளக் கூடுவது மூடிய செல்களின் விகிதமே. இரவில் ஊரில் வீடுவீடாக விளக்கை அணைக்கும்போது, குன்றின்மேல் நின்று பார்ப்பவருக்கு ஊர் முழுவதும் மெல்ல மங்குவதாகத் தோன்றுவதுபோல, செடி முழுவதையும் அரைத்து அளந்தவர்களுக்கு அது சீரான இறக்கமாகத் தெரிந்தது.

செல்லுக்குச் செல் மூடியும் திறந்தும் இருக்கிறது என்றாலும் ஒரு கேள்வி மிஞ்சியது. மூடிய நிலையைக் காப்பது செல்லுக்குள் மிதக்கும் ஏதோ ஒரு புரதத்தின் செறிவாக இருக்கலாம். அப்படி இருந்தால் ஹிஸ்டோன் குறி வெறும் பக்கவிளைவாகிவிடும். இதைத் தீர்க்க 2015-இல் செய்யப்பட்ட சோதனையின் எளிமை வியக்கத்தக்கது. ஒவ்வொரு செல்லிலும் எஃப்.எல்.சி. இரண்டு பிரதிகளாக இருக்கிறது, ஒன்று தந்தை வழி, மற்றொன்று தாய் வழி. ஒரு பிரதியோடு ஒரு நிறத்தில் ஒளிரும் புரதத்தையும், மற்றப் பிரதியோடு வேறு நிறத்தில் ஒளிரும் புரதத்தையும் இணைத்த செடியை உருவாக்கி, குளிரில் வைத்து, பிறகு வேர்நுனியை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வேரின் செல்கள் ஒரே தாய்ச்செல்லிலிருந்து வரிசை வரிசையாகப் பிரிந்து நிற்பதால், பரம்பரையைக் கண்ணாலேயே வாசிக்கலாம். சில செல்களில் இரண்டு நிறமும் இருந்தன, சிலவற்றில் இரண்டும் இல்லை. முக்கியமானவை மூன்றாம் வகைச் செல்கள்: ஒரு நிறம் ஒளிர, மற்றது அணைந்திருந்தது. அதே நிலை அந்த வரிசையில் அடுத்தடுத்த செல்களிலும் தொடர்ந்தது. ஒரே செல், ஒரே நீர்மம், ஒரே புரதங்கள்; ஆனால் ஒரு பிரதி மூடியும் மற்றது திறந்தும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. மிதக்கும் புரதம் எதுவும் இந்த வேறுபாட்டைக் காக்க முடியாது. நினைவு அந்தந்த மரபணுப் பிரதியின் மேலேயே, டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த அதன் குரோமாட்டினிலேயே இருக்கிறது.

குளிரைச் செடி எதைக்கொண்டு உணர்கிறது என்பதற்குக் கிடைத்த விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வின்3 ஏன் இவ்வளவு மெதுவாகச் சேர்கிறது என்று தேடியபோது, அதை இயக்கும் என்.டி.எல்.8 என்ற புரதம் எளிதில் சிதையாதது என்று 2020-இல் தெரிந்தது. வெதுவெதுப்பில் செடி வேகமாக வளர்வதால் அந்தப் புரதம் புதிய செல்களிடையே பங்கிடப்பட்டு நீர்த்துப்போகிறது. குளிரில் வளர்ச்சி மந்தமாவதால் நீர்த்துப்போவது குறைந்து, வாரக்கணக்கில் சேர்கிறது. தனியாக ஒரு வெப்பமானி வேண்டியதில்லை, வளர்ச்சியின் மந்தமே காலக்கணக்காகிவிடுகிறது. ஆய்வகக் குளிரறையின் மாறாத 5 டிகிரி இயற்கையில் எங்கும் இல்லை என்பதால், டீனின் குழு நாரிச்சிலும் சுவீடனிலும் திறந்தவெளியில் செடிகளை வளர்த்துப் பார்த்தது. அங்கே வின்3 ஏறுவதைத் தீர்மானித்தது குளிரின் கடுமையைவிட, பகலில் 15 டிகிரியைத் தாண்டும் வெப்பம் இல்லாமலிருப்பதே என்று 2018-இல் எழுதினார்கள். வடசுவீடனில் மற்றொரு வியப்பு காத்திருந்தது. அங்குள்ள செடிகள் பனிக்கு அடியில் கழிக்கும் நீண்ட மாதங்களை எண்ணுவதில்லை. பனி விழுவதற்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே, ஏறத்தாழ 8 டிகிரி வெப்பநிலையில், பதிவை முடித்துவிடுகின்றன. அந்த வகைகளின் எஃப்.எல்.சி.யில், முதற்குறி விழும் இடத்துக்கு அருகே, புரதத்தைச் சிறிதும் மாற்றாத சில எழுத்து வேறுபாடுகள் இருக்கின்றன. மூடிய நிலை உறுதிப்பட அந்த வகைகளுக்குக் கூடுதல் வாரங்கள் தேவைப்படுவதற்கு இந்த எழுத்து வேறுபாடுகளே காரணம்.

எபிஜெனிடிக்ஸ் பற்றிப் பொதுவெளியில் எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி, பெற்றோரின் அனுபவம் பிள்ளைக்குப் போகிறது என்ற ஈர்ப்பான கருத்தைச் சுற்றியே நிற்கிறது. அத்துறையின் மிக நன்றாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்றான எஃப்.எல்.சி. சொல்வதோ இதற்கு நேர்மாறானது. இங்கே சோவியத் நாட்டின் திரோஃபிம் லிசென்கோவைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. குளிர்காலக் கோதுமை விதையை நனைத்துக் குளிர வைத்து வசந்தத்தில் விதைப்பதை 1920-களின் இறுதியில் பெரும் இயக்கமாக்கியவர் அவர். அதோடு நில்லாமல், இவ்வாறு பெற்ற தன்மை வாரிசுகளுக்கும் நிலைத்துவிடும் என்று வாதாடினார். 1948-இல் அவர் தரப்புக்கு அரசின் முழு ஆதரவு கிடைத்து, மரபியல் அந்நாட்டில் ஒடுக்கப்பட்டது. அவரை எதிர்த்த மரபியலாளர் நிகோலாய் வவிலோவ் அதற்கு முன்பே, 1943-இல், சரத்தோவ் சிறையில் இறந்துவிட்டிருந்தார். செடி என்ன செய்கிறது என்று பார்த்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த நினைவை அக்கறையோடு அழிக்கிறது. ஆண் இனச்செல்லில், 27-ஆவது லைசினில் குறியை ஏற்காத தனி வகை ஹிஸ்டோன் ஒன்று பழைய ஹிஸ்டோனின் இடத்தைப் பிடிக்கிறது. கருவுற்ற பிறகு, இளம் கருவில் எல்.இ.சி.1 என்ற புரதம் மூடிய எஃப்.எல்.சி.யைத் திறக்கிறது. இ.எல்.எஃப்.6 என்ற நொதி எஞ்சிய மெத்தில் குறிகளை அகற்றுகிறது. விதை முளைக்கும்போது தடை மீண்டும் முழு வலிமையோடு நிற்கிறது, அதனால் அந்தச் செடி தன் குளிர்காலத்தைத் தானே கடந்தாக வேண்டும். இ.எல்.எஃப்.6 பழுதடைந்த செடிகளில் இந்த அழிப்பு அரைகுறையாகி, தாயின் குளிர்நிலை ஓரளவு பிள்ளைக்கும் போகிறது என்று 2014-இல் டீனின் குழு கண்டது. லிசென்கோ சொன்னதுபோன்ற ஒன்று நடக்க வேண்டுமானால், முதலில் ஒரு நொதி கெட்டுப்போயிருக்க வேண்டும்.

இதனால் எபிஜெனிடிக் நிலை எதுவுமே விதை வழியே போகாது என்று முடிவுகட்டுவதும் தவறு. அராபிடாப்சிஸின் எஃப்.டபிள்யூ.ஏ. மரபணு இயல்பாக டி.என்.ஏ. மெத்தில் குறிகளால் செடியின் உடல் முழுவதும் அடங்கியிருக்கும். அந்தக் குறிகளை இழந்த செடிகளில் அது இயங்கி, பூப்பதைத் தாமதமாக்குகிறது. எழுத்து வரிசையில் மாற்றம் எதுவும் இல்லாமலே அந்தத் தாமதம் தலைமுறைகளாகத் தொடர்கிறது. ஆனால் பருவத்தோடு ஏறி இறங்க வேண்டிய நினைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பல்லாண்டுச் செடிகளுக்கு விதைவரை காத்திருக்கும் வசதி கிடையாது. ஆல்ப்ஸ் மலைகளில் வளரும் அராபிஸ் அல்பினா என்ற செடியில் எஃப்.எல்.சி.க்கு இணையான பெப்1 மரபணுவும் குளிரில் அதே குறியைப் பெற்று அடங்குகிறது. வெப்பம் திரும்பியதும், அராபிடாப்சிஸில் நடப்பதற்கு மாறாக, குறி கரைந்து மரபணு விழித்துக்கொள்கிறது. குளிரின்போதே பூவாக மாறத் தொடங்கியிருந்த நுனிகள் பூக்கின்றன. மற்றவை மீண்டும் இலைவிட்டு அடுத்த குளிர்காலத்துக்காக நிற்கின்றன. பெப்1 செயலிழந்த செடி பருவம் பாராமல் ஓயாமல் பூக்கிறது. ஓராண்டுச் செடிக்கும் பல்லாண்டுச் செடிக்கும் உள்ள இந்த வேறுபாட்டின் ஒரு பகுதி, ஒரே குறி நிலைக்கிறதா கரைகிறதா என்பதில் அடங்கியிருக்கிறது. ஜப்பானில் இயற்கைச் சூழலில் வளரும் மற்றொரு பல்லாண்டு அராபிடாப்சிஸ் இனத்தை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஆய்வாளர்கள், எஃப்.எல்.சி.யின் அளவில் காணும் மாறுபாட்டில் 83 விழுக்காட்டை முந்தைய ஆறு வார வெப்பநிலையைக் கொண்டே விளக்க முடிவதாக 2010-இல் எழுதினார்கள். நேற்றைய வெயிலுக்கு ஏமாறாமல், ஆறு வாரச் சராசரியை நம்பும் செடி அது.

கோதுமையும் பார்லியும் குளிர் கேட்டாலும், அவற்றின் மையத்தில் இருப்பது எஃப்.எல்.சி. அல்ல. அங்கே வி.ஆர்.என்.1 என்ற மரபணு குளிரில் விழித்து பூப்பதைத் தூண்டுகிறது. ஹிஸ்டோன் குறிகளே அங்கும் பங்கேற்றாலும், திசை தலைகீழ். நெல் வெப்பமண்டலப் பயிர், குளிர்காலத்தைக் கேட்பதில்லை. நாள் குறுகும்போது கதிர்விடும் பழைய நெடுநாள் சம்பா ரகங்கள் பகலின் நீளத்தைப் பார்த்தே காலத்தை அறிகின்றன. ஆனாலும் வின்3-இன் உறவினரான ஒரு புரதம் நெல்லிலும் பாலிகோம்ப் தொகுதியோடு சேர்ந்து, பூப்பதைத் தடுக்கும் ஒரு மரபணுவை அடக்குகிறது என்று 2013-இல் கொரிய ஆய்வாளர்கள் காட்டினர்.

எஃப்.எல்.சி.யின் நேரடி உறவுகளை நம் சமையலறையில் தேடுவோர் முட்டைக்கோசைப் பார்க்கலாம். அதன் மரபணுத் தொகுதியில் எஃப்.எல்.சி.க்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இருக்கின்றன. நாம் உண்பது பூப்பதற்கு முந்தைய இலைக்கட்டு என்பதால், உழவருக்குத் தடை விழித்திருப்பதே இலாபம். முதிராத பருவத்தில் குளிர் பட்டுத் தண்டு நீண்டுவிட்டால் கட்டு விற்காது. விதை உற்பத்தி செய்பவருக்கோ தடை விலகியாக வேண்டும், அதற்குச் செடி ஓரளவு வளர்ந்த பிறகு பல வாரங்கள் தொடர் குளிர் வேண்டும். இந்தியாவில் குளிர் தேவைப்படும் முட்டைக்கோசு ரகங்களின் விதை இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கு, காஷ்மீர் போன்ற இடங்களில் எடுக்கப்படுவது இதனால்தான். இடையிடையே 15 டிகிரியைத் தாண்டும் பகல்கள் முட்டைக்கோசிலும் அராபிடாப்சிஸில் போலவே கணக்கைக் கெடுக்குமானால், குளிர்காலங்கள் வெதுவெதுப்பாகும் பள்ளத்தாக்குகளில் முதலில் பாதிக்கப்படப்போவது கட்டு விற்பவரல்ல, விதை எடுப்பவர்.